யூதாஸுக்குத் தோத்திரம் இல்லை

சேசு மரி சூசை

காரைக்கால்,
12 நவம்பர் 2023

அன்புள்ள ஜோவிதா அக்காவுக்கு,

தங்கை பெரியநாயகி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நான் நலம். இரத்த அழுத்தமும் முழங்காலும் தத்தம் வழக்கப்படி. பிரான்சில், உங்கள் சார்செலில், குளிர் தொடங்கியிருக்கும். கண் அழுத்தத்துக்கான சொட்டுமருந்தை ஒழுங்காக விட்டுக்கொள்கிறீர்களா? அத்தான் இருந்தவரை அவர் அதட்டினார். இப்போது அந்த வேலையைக் கடிதத்தில் நான் செய்கிறேன்.

செய்தி ஒன்று. நம் பங்கில் ஐந்து வருடம் கழித்து, கர்த்தரின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகம் போடுகிறார்கள். பேதுருவுக்கு மூன்று பேர் போட்டி. யூதாஸுக்கு மட்டும் ஒருவரும் இல்லை. வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும்: நாடகம் முடிந்த நிமிடத்திலிருந்து ஈஸ்டர் காலைவரை யூதாஸ் வேடம் போட்டவருக்கு ஊரில் யாரும் தோத்திரம் சொல்வதில்லை. போனமுறை போட்ட கிளாட்வினுக்கு ஈஸ்டருக்குப் பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. லாரிப் பட்டறையில் யூதாஸ், டீக்கடையில் யூதாஸ். பேசி முடித்திருந்த பெண் வீட்டார், "மாப்பிள்ளை வீடு எதுன்னு கேட்டா ஊர்ல சிரிக்கிறாங்களே" என்று நழுவிவிட்டார்கள். இம்முறை அவனைச் சமாதானப்படுத்தக் கர்த்தர் வேடத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

செயலாளர் சிலுவைராஜ் மூன்றாவது தடவையாக "யாராவது?" என்றபோது ஒரு கை உயர்ந்தது. அது என்னுடையது என்று எனக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. "பொம்பள யூதாஸாம்மா?" என்று ஒருவர் சிரித்தார். பங்குச் சாமியார் இளையவர். ஆண்பிள்ளைகள் மாதா வேடத்துக்குச் சேலை கட்டி நடித்த ஊரில் இதுமட்டும் என்ன அதிசயம் என்று கேட்டு முடித்துவிட்டார்.

நான் மேடை ஏறியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1973இல், கர்த்தரின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்கா வேடம் எனக்குத் தரப்பட்டது. நாடகத்துக்கு முந்திய நாள், பயிற்சி தந்த அண்ணாவியின் சொல்லை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்: "குடத்துக்குள்ள பேசுற குரல். மேடைக்கு ஆகாது." அன்றே சேலையை உங்களிடம் கொடுத்தேன். பிறகு குரல் தேவைப்படாத வேலையாகத் தேடி நூலகப் படிப்புப் படித்து, முப்பத்தொரு வருடம் கல்லூரியில் "அமைதி காக்கவும்" என்ற பலகையின் கீழ் உட்கார்ந்திருந்தேன். உங்களோடு தொலைபேசியில் பேசாமல் இன்னமும் எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

அறுபத்தேழு வயதில் அந்தக் குடத்தை உடைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பயமாக இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள். பேத்தி ஆன்லினுக்கு என் ஆசி.

அன்புத் தங்கை,
பெரியநாயகி


சேசு மரி சூசை

சார்செல்,
2 டிசம்பர் 2023

என் செல்லத் தங்கச்சி பெரியநாயகிக்கு,

அக்கா ஆயிரம் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லாரும் மாதாவின் கிருபையால் சுகம். சொட்டுமருந்தை ஒரு நாளும் தவறவிடவில்லை, அதட்டாதே.

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். போடு கண்ணே, தைரியமாகப் போடு. அண்ணாவி அன்று சொன்னதை இன்னுமா மனசில் வைத்திருப்பாய்? பாவம், அவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாயிற்று. எல்லாம் தேவ சித்தம். நீ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நான் மேடையில் நின்றபோதுதானே, பிரெஞ்சுப் படையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உன் அத்தான் என்னைப் பார்த்தார்! மறு மாதமே பெண் கேட்டு வந்தார்கள். அந்த மேடையை நான் மறப்பேனா?

உன் உடம்பைமட்டும் பார்த்துக்கொள். படபடப்பு வந்தால் பிடிவாதம் பிடிக்காதே, விட்டுவிடு. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வழக்கம்போல என் காணிக்கை உண்டு. இந்தத் தடவை நேராகவே அனுப்புகிறேன், உனக்கு எதற்கு அலைச்சல். செயலாளரின் முகவரியை எழுது. ஆன்லினுக்கு நம் ஊரிலேயே ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜெபத்தில் நினைத்துக்கொள்.

முத்தங்களுடன்,
அக்கா ஜோவிதா


சேசு மரி சூசை

காரைக்கால்,
28 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை தோத்திரம் சொல்லி எழுதுவது. நலம். உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. கிறிஸ்துமசுக்கு மழை வந்து கோவில் குடிலில் இருந்த மூன்று ராஜாக்களும் சாயம் போனார்கள், மற்றபடி குறைவில்லை.

சிலுவைராஜின் முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இதுவரை என் மூலமாக அனுப்பினீர்கள், இம்முறை நேராக. எனக்கு ஒரு நடை மிச்சம்.

நீங்கள் தந்த தைரியத்தில் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்குள் கத்தினால் பக்கத்து வீட்டார் மருத்துவரை அழைத்துவிடுவார்கள் என்பதால், காலைப் பேருந்தில் காரைக்கால்மேட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்து வசனம் சொல்கிறேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள், மீன் ஏலம் கூறும் தாமரைச்செல்வி என்ற அம்மாள் கூடையை வைத்துவிட்டு வந்து, "யாருகிட்டக்கா சண்ட?" என்று கேட்டார். "குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்" என்ற என் வசனத்தைச் சொன்னேன். "காட்டிக்குடுத்தவ இப்புடியா மொனவுவா? தொண்டையில கத்தாதீங்க, அடிவயித்துலேர்ந்து எடுங்க. எங்க கூட்டத்துல இந்தக் கொரல வச்சு ஒரு கூட மத்தி விக்க முடியாது" என்றார். பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகப் பாடம் சொன்னதில்லை. இப்போது தினமும் அவர் ஐம்பதடி தள்ளி நிற்கிறார். கேட்டால் கையைத் தூக்குகிறார்; கேட்காவிட்டால் திட்டுகிறார். கை பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது.

சொட்டுமருந்து.

அன்புத் தங்கை,
பெரியநாயகி


காரைக்கால்,
22 ஜனவரி 2024

பெருமதிப்பிற்குரிய அம்மையார் பெரியநாயகி அவர்களுக்கு,

பாஸ்கா நாடகக் குழுச் செயலாளர் சிலுவைராஜ் தோத்திரம். தங்கள் நலம் விழைகிறேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவது ஏனென்று கேட்பீர்கள். நேரில் வர எனக்கு முகமில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் காணிக்கைக் கடிதங்களை முதல் ஒத்திகையில் எல்லாரும் எழுந்து நிற்க வாசிப்பது, என் தகப்பனார் செயலாளராக இருந்த காலம்தொட்டு நம் குழுவின் வழக்கம். உறை பிரிக்காமல் சபை முன்னே கொண்டுவந்து பிரிப்பதே மரியாதை என்று அவர் பழக்கியிருந்தார். நேற்று தங்கள் தமக்கையாரின் கடிதத்தையும் அவ்வாறே பிரித்தேன். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் உத்தரவு வாசித்த வாய்; கண் போன வேகத்தில் போனது, நிற்கவில்லை. தாங்கள் முதல் வரிசையில் நின்றிருந்தீர்கள். கடைசிவரை அங்கேயே நின்றீர்கள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

குழுவின் நிலையைச் சொல்வதற்காக அந்த வரிகளை இங்கே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க: "என் தங்கையை மேடையேற்ற வேண்டாம். அவளுக்கு நினைவு பிசகுகிறது. சிறு வயதிலிருந்தே குடத்துக்குள் பேசுகிற குரல். என் பேத்திக்கு அங்கே சம்பந்தம் பேசும் நேரத்தில் யூதாஸ் வீடு என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். விளக்கும் ஒலிபெருக்கியும் இதைப் பொறுத்தது."

விளக்கில்லாமல் நாடகமில்லை என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். தாங்கள் திரைக்குப் பின்னால் இருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றால் இரு பக்கமும் மனக்கசப்பில்லாமல் முடியும். தங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சிலுவைராஜ்


காரைக்கால்,
24 ஜனவரி 2024

திரு. சிலுவைராஜ் அவர்களுக்கு,

தோத்திரம். நலம். நீங்கள் முகம் காட்ட வெட்கப்பட வேண்டியதில்லை, எழுதியிருந்ததை வாசித்தீர்கள். அதைவிட நேர்மையாக ஒரு கடிதத்தை யாரும் நடத்த முடியாது.

திரைக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மறுபடி அங்கே பணி ஏற்க விருப்பமில்லை.

என் நினைவு பிசகுகிறதா என்று குழு சோதித்துப் பார்க்கலாம். என் வசனம் முழுவதும் மனப்பாடம். பேதுருவின் வசனமும் மனப்பாடம். பேதுருவுக்குத்தான் அவருடைய வசனம் மனப்பாடமில்லை. என்னைவிட்டால் யூதாஸுக்கு வேறு ஆள் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், இன்றே விலகுகிறேன்.

விளக்கைப் பற்றி: காணிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நாடகத்தை மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் சூரியன் நிபந்தனை இல்லாமல் வரும். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் எல்லாரும் கத்த வேண்டியிருக்கும். அதற்குக் காரைக்கால்மேட்டில் எனக்கு ஒரு ஆசிரியை இருக்கிறார். வேண்டுமானால் பேதுருவையும் அழைத்துச் செல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கோவில் அலமாரியில் பழைய நாடகக் குறிப்பேடுகள் இருக்கின்றன என்றீர்கள். 1973ஆம் வருடத்து ஏட்டைப் பார்க்க விரும்புகிறேன்.

பெரியநாயகி


சேசு மரி சூசை

காரைக்கால்,
30 ஜனவரி 2024

ஜோவிதா அக்காவுக்கு,

பெரியநாயகி எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

குழுவுக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே ஒரு வழக்கம், நீங்கள் போன பிறகு ஏற்பட்டதாக இருக்கலாம்: வெளிநாட்டுக் காணிக்கைக் கடிதங்களை முதல் ஒத்திகையில் சபை எழுந்து நிற்க வாசிப்பார்கள். உங்களுடையதையும் வாசித்தார்கள். நாற்பது பேர் இருந்தோம். கிளாட்வின் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

நாடகம் மார்ச் 23, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. ஒத்திகை தொடர்கிறது.

பெரியநாயகி


சேசு மரி சூசை

சார்செல்,
19 பிப்ரவரி 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா தோத்திரம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சின்னக் கடிதமாக நீ எழுதியதே இல்லையே. உடம்புக்கு என்ன?

அந்தக் கடிதத்தை முழுவதுமா வாசித்தார்கள்? காணிக்கை பற்றிய முதல் பாராவோடு நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை முழுவதும் வாசித்திருந்தால், நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் சில சமயம் கடுமையாகத் தெரியும். உன் உடல்நலத்தை நினைத்துத்தான் எழுதினேன். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாயே என்றுதான் தெரிய வேண்டாம் என்றேன். ஆன்லினுக்குப் பார்க்கும் இடம் பெரிய இடம், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை ஒரு தாய்வழிப் பாட்டிக்கு இருக்காதா? நீ பிள்ளை பெற்றிருந்தால் உனக்குப் புரியும்.

பணத்தை ஏன் திருப்பி அனுப்பினார்கள்? விளக்கில்லாமல் என்ன செய்வீர்கள்? உடனே எழுது. வேண்டுமானால் தொலைபேசியில் அழைக்கிறேன், எடு.

அக்கா ஜோவிதா


சேசு மரி சூசை

காரைக்கால்,
4 மார்ச் 2024

ஜோவிதா அக்காவுக்கு,

பெரியநாயகி எழுதுவது. நலம். நீங்கள் மூன்று முறை அழைத்தது கைபேசியில் தெரிகிறது. பேசுவதற்கு நான் இப்போது அஞ்சவில்லை. எழுதியது என்றால் பிறகு இல்லையென்று சொல்ல முடியாது, அதனால் எழுத்தே இருக்கட்டும்.

முழுவதும் வாசித்தார்கள். சிலுவைராஜ் எதையும் பாதியில் நிறுத்துகிறவர் அல்லர்.

உடல்நலம், சம்பந்தம், பிள்ளை பெறாதது ஆகிய மூன்றையும் விட்டுவிடுவோம். அவற்றுக்காக நான் எழுதவில்லை. குடத்துக்குள் பேசுகிற குரல் என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பது வருடமாக அதை நான் அண்ணாவியின் வாக்கியம் என்று நம்பியிருந்தேன். சபையில் அதைக் கேட்டபோது, நடை, சொல், மூச்சு எல்லாம் உங்களுடையதாக இருந்தது. நூலகத்தில் இருந்தவள் நான். ஒரு வாக்கியம் யாருடையது என்று சந்தேகம் வந்தால் மூலத்தைத் தேடுவேன்.

தேடினேன். 1973ஆம் வருடத்து ஏடு கோவில் அலமாரியில் இருந்தது. பாதியைச் செல் அரித்திருந்தது. அந்தப் பக்கத்தை அது விட்டுவைத்திருந்தது. வெரோனிக்கா என்பதற்கு எதிரே என் பெயர். அதை அடித்து உங்கள் பெயர். பக்கத்தில் அண்ணாவியின் கையெழுத்தில்: "பெரியநாயகிக்குக் காய்ச்சல் என்று அவள் அக்கா வந்து சொல்கிறாள். நல்ல குரல். அடுத்த வருடம் இவளை விடக்கூடாது."

எனக்கு அந்த வாரம் காய்ச்சல் இல்லை.

ஒரே கேள்விதான். குடம் யாருடையது?

பெரியநாயகி


சேசு மரி சூசை

சார்செல்,
26 மார்ச் 2024

பெரியநாயகிக்கு,

அக்கா தோத்திரம் சொல்லி எழுதுவது. மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

என்னுடையதுதான்.

எனக்கு அப்போது இருபது வயது. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஆறு பேர் படையிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மேடையில் நிற்கிறவளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். உனக்குப் பதினேழு, படிப்பு வேறு வந்தது. உனக்கு நேரமிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணாவியிடம் காய்ச்சல் என்றேன். உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு நாள் அழுதுவிட்டு மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ அதை வாழ்க்கை முழுவதும் நம்புவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்குத் தெரியும். "சின்னவ படிச்சுப் பொழச்சுக்குவா, நீ போ" என்றாள்.

நாடகத்தைப் படம் பிடித்து யாரோ அனுப்பியதை ஆன்லின் கைபேசியில் காட்டினாள். நீ பேசத் தொடங்கியதும் அணைக்கச் சொல்லிவிட்டேன். பிறகு நானே கேட்டு வாங்கி முழுவதும் பார்த்தேன். உன் குரல் இவ்வளவு தூரம் கேட்டது.

மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். இரண்டு வரி எழுது. இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறோம்?

ஜோவிதா


சேசு மரி சூசை

காரைக்கால்,
9 ஏப்ரல் 2024

ஜோவிதா அக்காவுக்கு,

பெரியநாயகி எழுதுவது. நலம். நீங்கள் கேட்டது இரண்டு வரி. கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன்.

நாடகத்துக்கு நல்ல கூட்டம். விளக்கில்லாததால் எல்லாருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. அது விளக்கைவிட மோசம். திரைக்குப் பக்கத்தில் நின்று என் முதல் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பேதுரு என்னைப் பார்த்துத் தன் வசனத்தை மறந்தார். வாயைத் திறந்த கணத்திலும் அந்தக் குடம் என் தலைமேல் இருந்தது. அது யாருடையது என்று தெரிந்துவிட்டால் இறங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். இறங்கவில்லை. தெரிந்துகொண்டே பேச வேண்டியிருந்தது. தாமரைச்செல்வி ஏலத்தை முடித்துவிட்டு வந்து, மைதானத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்றார். என் முதல் வரி முடியும் முன்பே அவர் கை உயர்ந்தது. கடைசி வரிவரை அதை இறக்கவில்லை. மறுநாள் தோள் வலி என்று என்னைத் திட்டினார்.

பிறகு எட்டு நாள். கோவிலில் என் பெஞ்சில் நான் மட்டும். சிலுவைராஜ் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வணக்கத்துக்கு உயர்ந்த கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஆன்லினுக்குப் பார்த்த வீட்டார் மட்டும், வழக்கத்தை மீறாமல், வாசலில் ஒரு பாத்திரத்தில் இறால் குழம்பை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். பிள்ளையின் தாய்க்கு நாடகம் பிடித்திருந்ததாம். உங்கள் கவலைக்கு இடமில்லை.

ஈஸ்டர் காலையில் கோவில் வாசலில் கிளாட்வின் காத்திருந்தான். "தோத்திரம்மா" என்றான். அவன் பின்னால் வரிசையாக எல்லாரும். அவனுக்கு அந்த வருடம் இப்படி முதலில் சொல்ல யாரும் நிற்கவில்லை என்று பிறகு சொன்னான். வந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி; நானும் நிற்கவில்லை.

அடுத்த வருடத்துக்கும் கேட்டிருக்கிறார்கள். பிலாத்து வேண்டுமா, யூதாஸே வேண்டுமா என்று என் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் கடிதம். அம்மாவைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். இனிமேல் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் பாரத்தில் பாதியை இறக்கிவைக்க அது வசதியான இடம். நான் நம்புவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அக்கா சொன்னால் நம்பாமல் வேறு யார் சொன்னால் நம்புவது?

எனக்குப் பிரான்சு வேண்டியிருக்கவில்லை. அத்தானும் வேண்டியிருக்கவில்லை. வேடத்தைக் கேட்டிருந்தால் அந்தச் சேலையை நானே மடித்துக் கொடுத்திருப்பேன். குரலைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை.

மன்னிப்பைப் பற்றி. யூதாஸுக்குத் தோத்திரம் மறுப்பது எட்டு நாள்தான். ஈஸ்டர் எந்தத் தேதி என்று நாட்காட்டியில் அச்சாகியிருப்பதால் ஊருக்குச் சிரமமில்லை. ஜனவரியிலிருந்து என் கடிதங்களின் முதல் வரியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இதிலும் கவனித்திருப்பீர்கள். உங்களுக்கான ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

சொட்டுமருந்தைத் தவறவிடாதீர்கள்.

பெரியநாயகி